பியானோவில் கேட்ட ‘ம்ம்ம்’ சத்தம்

மூட்டு வலியைப் பற்றி எழுதிய பதிவுக்கு இத்தனை பேர் வைத்தியம் சொல்லுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. முடக்கத்தான் தோசையில் தொடங்கி எல்லாவற்றையும் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். இதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. உங்கள் வீட்டில் இன்றைக்கே பார்க்க வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது.

என் மகளும் பேத்தியும் இப்போது சூலூரில் என்னோடுதான் இருக்கிறார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். பேத்தி ஏழாம் வகுப்பு. மூன்று வருடமாகப் பியானோ கற்றுக்கொள்கிறாள். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் வீட்டிலேயே வாசித்து, வீடியோ எடுத்து அனுப்பும் வசதியும் அதில் இருக்கிறது. போன பங்குனியில் அதற்காக உட்கார்ந்தபோதுதான் இந்தக் கதை ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் இருப்பது டிஜிட்டல் பியானோ. பழையது, ஒருவரிடமிருந்து வாங்கியது. அதற்குச் சொந்தமாக ஸ்பீக்கர் கிடையாது. ஹெட்போன் மாட்டிக் கேட்கலாம், அல்லது ஒயர் போட்டு வெளியே ஒரு ஸ்பீக்கரில் கொடுக்கலாம். எங்களிடம் உள்ளது ஆம்ப்ளிபயரும் சேர்ந்தே இருக்கிற பெரிய ஸ்பீக்கர், மூணு பின் பிளக் வைத்தது. முதல் நாள் வீடியோவைப் போட்டுக் கேட்டால், பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். வண்டு பறக்கிற மாதிரி. பிள்ளை முகம் வாடிவிட்டது. “அம்மிச்சி, நான் ஒண்ணும் பண்ணல” என்றாள்.

நீ பண்ணியிருக்க மாட்டாய் கண்ணு, எங்கே இருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்றேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்? ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட்டு, ‘செய்தது’, ‘நடந்தது’ என்று இரண்டு பத்தி எழுதினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. உங்களுக்கெல்லாம் அவரைக்காய் விதையை வெளிச்சத்தில் ஒன்று, இருட்டில் ஒன்று என்று முளைக்கப்போட்டுக் காட்டியபோது சொன்ன அதே பாடம்தான்.

முதல் கேள்வி: கட்டையைத் தட்டினால் மட்டும் வருகிறதா, சும்மா இருக்கும்போதும் வருகிறதா? பார்த்தால் இரண்டும் இருந்தது. இடது பக்கம் ஒரு குறிப்பிட்ட கட்டையைத் தட்டும்போது மட்டும் ‘ஜ்ஜ்’ என்று தனியாக ஒரு சத்தம். பயிற்சிப் பள்ளிக் காலத்தில் நான் ஹார்மோனியம் கற்றபோது, ரீடில் தூசி அடைத்தால் இப்படித்தான் ஒரு சுரம் மட்டும் கரகரக்கும், ஊதிவிட்டால் சரியாகும். பியானோவில் ரீடு இல்லையே! சுற்றுமுற்றும் தேடினால், சுவரில் மாட்டியிருந்த எங்கள் வீட்டுக்காரர் படத்தின் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அது ஆடுவதற்கென்று ஓர் அதிர்வு உண்டு. அந்தச் சுரம் ஒலித்தால் அதுவும் கூடச் சேர்ந்து ஆடும். ஒரு காகிதத்தை மடித்து சட்டத்துக்குள் செருகினேன், நின்றுவிட்டது. பாத்திரம், பேனா டப்பா, சாமி படம், ஜன்னல் கண்ணாடி எதுவானாலும் இப்படிப் பாடும். பியானோ பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் அறையைச் சுற்றிப் பாருங்கள்.

ஆனால் அந்த ‘ம்ம்ம்’ போகவில்லை. கட்டையைத் தொடாமல் இருந்தாலும் வந்தது. ஹெட்போன் மாட்டிக் கேட்டோம், சுத்தமாக இருந்தது. அப்படியானால் பியானோவில் கோளாறு இல்லை. பியானோவின் சத்தத்தை முழுக்கக் குறைத்தோம், இரைச்சல் அப்படியே இருந்தது. அப்படியானால் அது பியானோவைத் தாண்டி, ஒயரிலோ ஸ்பீக்கரிலோ உள்ளே நுழைகிறது. ஒயரை மாற்றினோம், அதே சத்தம். செல்போனைத் தூரமாக வைத்தோம். போன் பக்கத்தில் இருந்தால் வரும் ‘டிட்டிட் டிட்டிட்’ வேறு, இது வேறு. ஃபேன் ரெகுலேட்டர், டியூப் லைட், எல்இடி பல்பு ஒவ்வொன்றாக அணைத்தோம். ஃபேன் ரெகுலேட்டரை நிறுத்தியதும் மேலே இருந்த சன்னமான ‘ஸ்ஸ்’ மட்டும் நின்றது. அடிச்சத்தம் அசையவில்லை.

அப்போது பேத்தி ஒரு வேலை செய்தாள். அந்த இரைச்சல் எந்தச் சுரம் என்று கட்டையைத் தட்டித் தேடினாள். இடது கோடியிலிருந்து இரண்டாவது ஜி கட்டையில் வந்து நின்று, “அம்மிச்சி, இது ஜி. ஆனா சரியா ஜி இல்ல, ஒரு துளி மேல” என்றாள். எனக்கு ஆச்சரியம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். பியானோவில் முதல் ஜி வினாடிக்கு 49 அதிர்வு, இரண்டாவது ஜி 98. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதன் இரட்டிப்பு 100. 98-க்கு ஒரு துளி மேலே 100! பிள்ளையின் காது அத்தனை சரி. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று, அங்கே இந்த இரைச்சல் வேறு சுரத்தில் இருக்கும். ஆக வண்டு யார் என்று தெரிந்துவிட்டது. வீட்டுக் கரண்ட்டேதான் ஸ்பீக்கருக்குள் பாடுகிறது.

இன்னொன்றும் சொன்னாள். ஸ்பீக்கரில் செருகியிருக்கும் ஒயரின் இரும்பு முனையைத் தொட்டால் சத்தம் குறைகிறதாம். விளையாட்டு போலத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். நானும் சிரித்துக்கொண்டே பார்த்தேன். அறிவியல் பாடம் நடத்திய நான் அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது.

மறுநாள் சொந்தக்காரப் பையன் ஒருவன் வந்தான். அவன் கல்யாண மண்டபங்களில் மைக் செட் வேலை பார்த்தவன். “இதெல்லாம் எர்த் பிரச்சனைங் பெரியம்மா. எர்த்த எடுத்துட்டா போயிரும்” என்று ஒரு ரெண்டு பின் அடாப்டரை வாங்கிவந்து, ஸ்பீக்கரின் மூணு பின் பிளக்கை அதில் செருகி மாட்டினான். மேலே உள்ள பெரிய பின் எதிலும் படாமல் வெளியே நின்றது. சுவிட்சைப் போட்டால் இரைச்சல் இல்லை! பிள்ளை குதித்தாள். அன்று சாயந்திரமே வீடியோ எடுத்து அனுப்பியாயிற்று. நோட்டில் ‘தீர்ந்தது’ என்று எழுதிக் கோடு போட்டேன்.

நான்கு நாள் கழித்து, என்னிடம் 1988-இல் அஞ்சாம் வகுப்பு படித்த ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். முப்பது வருடமாக ஒயர்மேன் வேலை பார்ப்பவர். காபி குடித்துக்கொண்டிருந்தவர் பிளக் பாயின்ட்டைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“டீச்சர், இத எதுக்குங்க மாட்டியிருக்கீங்க?”

பெருமையாக நோட்டைக் காட்டினேன். படித்துக்கொண்டே வந்தவர், ஒயர் முனையைத் தொட்டால் சத்தம் குறைகிறது என்ற வரியில் நிறுத்தினார். “பாப்பா தொடறப்ப கால்ல என்னங்க இருந்துச்சு?” என்று கேட்டார். பியானோவுக்கு அடியில் ரப்பர் பாய் போட்டிருந்தோம், ஸ்டூலும் மர ஸ்டூல். அதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வண்டியில் இருந்த பையை எடுத்துவரப் போனார்.

வந்து அடாப்டரைப் பிடுங்கினார். ஒரு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் டெஸ்ட் லாம்பை எடுத்தார். ஒரு ஒயரைப் பிளக் பாயின்ட்டில் கரண்ட் வரும் ஓட்டையிலும், இன்னொன்றை மேலே உள்ள எர்த் ஓட்டையிலும் வைத்தார். எர்த் நன்றாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லை. மீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார். ஏதோ ஒன்றிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூறுக்கு மேல் காட்டியது. பிறகு மெயின் போர்டில் ஒவ்வொரு சுவிட்சாக இறக்கிக்கொண்டே வந்தார். சமையலறை சுவிட்சை இறக்கியதும் மீட்டர் சரசரவென்று கீழே வந்தது. அதை மறுபடி ஏற்றிவிட்டு, அங்கே இருந்த பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். பிரிட்ஜ் இல்லை. மிக்சி இல்லை. கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கியதும் இறங்கியது.

கிரைண்டர்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் மாவாட்டிக் கொடுக்கவும், மேல்வேலைக்கும் ஒருத்தி வருகிறாள். அவளும் 1990-களில் நம்ம பள்ளியில் என்னிடம் படித்தவள்தான். பெயர் வேண்டாம், உங்களில் சிலருக்குக் கூடப் படித்தவளாகவும் இருப்பாள். கார்த்திகை மாதமே என்னிடம் சொன்னாள். “ஏனுங் டீச்சர், கிரைண்டரத் தொட்டா கையில சுர்ருங்குதுங்.” நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “ஒண்ணுமில்லையே அம்மிணி, ஈரக்கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும், தொடச்சுட்டுத் தொடு” என்று அனுப்பிவிட்டேன். தை மாதம் மறுபடி சொன்னாள். அப்போதும் தொட்டுப் பார்த்தேன், அதே பதில். மூன்றாம் தடவை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஒரு சாக்கை மடித்துக் கிரைண்டருக்கு முன்னால் போட்டு அதன்மேல் நின்று ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

எனக்கு ஏன் சுர் என்று தெரியவில்லை? சர்க்கரை இருப்பதால் டாக்டர் சொல்லி வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர் செருப்பு போட்டுக்கொண்டு நடக்கிறேன். காலுக்கும் தரைக்கும் நடுவே ரப்பர். கரண்ட் என் வழியாக மண்ணுக்குப் போக வழியில்லை. அவளோ செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கழுவிவிட்ட ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவள். டீச்சர் வீட்டு அடுப்படியில் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்க அவளுக்கு மனசு வராது. நான் சோதித்துப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் காலை வைத்துக்கொண்டு அவள் கையைச் சோதித்திருக்கிறேன்.

ஒயர்மேன் விளக்கினார். கிரைண்டர் மோட்டாருக்குள் பல வருட ஈரத்தில் இன்சுலேஷன் இற்றுப்போய், கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குக் கசிகிறது. அப்படிக் கசிந்தால் எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும். எங்கள் வீட்டில் எர்த் ஒயர் மண்ணைத் தொடவே இல்லை. அதனால் கசிந்த கரண்ட் வீடு முழுக்க உள்ள எர்த் ஒயரில் ஏறி, எல்லா மூணு பின் பாயின்ட்டின் மேல் ஓட்டையிலும் வந்து நின்றிருக்கிறது. ஸ்பீக்கரின் உடம்புக்கும் அப்படித்தான் வந்தது. அதுதான் ‘ம்ம்ம்’ என்று பாடியது. அடாப்டர் போட்டதும் ஸ்பீக்கர் அந்த ஒயரிலிருந்து கழன்றுகொண்டது, சத்தம் நின்றது. கிரைண்டரிலும் பிரிட்ஜிலும் கரண்ட் அப்படியே நின்றது.

எர்த் ஏன் மண்ணைத் தொடவில்லை? கொல்லைப்புறம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எர்த் குழி இருந்தது. கரியும் உப்பும் போட்டு இரும்புக் குழாய் இறக்கியது. வீட்டுக்காரர் இருந்தவரை மாசி பிறந்தால் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது என்பார். “செடிக்கு ஊத்தினாலும் பலன் உண்டு, குழாய்க்கு ஊத்தறீங்களே” என்று நான் கேலி செய்வேன். அவர் போன பிறகு, மழைக்குச் சேறாகிறது என்று கொல்லை முழுக்க சிமெண்ட் போடச் சொன்னது நான்தான். அந்த வேலையில் ஒயர் அறுந்து, குழியும் மூடிப்போயிருக்கிறது. யாரையும் குறை சொல்ல இடமில்லை.

இதே ஒயர்மேனுக்கு நான் அஞ்சாம் வகுப்பில் பிளக்கைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். மூணு பின்னில் எர்த் பின் மட்டும் ஏன் நீளம்? செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். ஏன் தடிமன்? மற்ற ஓட்டைகளில் தவறிப்போய் நுழையக் கூடாது. முப்பத்தைந்து வருடம் சொன்ன பாடம். என் வீட்டில் அதே பின் வெறுமனே வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நான்கு நாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நம்ம ஊருக்குக் கரண்ட் புதிதல்ல. பைக்காராவிலிருந்து 1930-களில் மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்லும் மோட்டாரும் பெருகின. 1955-இல் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரைச் செய்ததும் இங்கேதான். ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம். ஆனால் மோட்டார் ரூமில் ஈரக் காலோடு சுவிட்சைத் தொட்டுப் போனவர் கதை இல்லாத ஊரும் நம் பக்கம் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்படி அப்பாவை இழந்து பத்து நாள் கழித்து மொட்டைத் தலையோடு வகுப்புக்கு வந்த ஒரு பையனை இன்றும் மறக்கவில்லை. அப்படித் தெரிந்திருந்தும் ‘தொடச்சுட்டுத் தொடு’ என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாளே வேலை ஆரம்பித்தது. வேறு இடத்தில் புதிதாக எர்த் குழி தோண்டினோம். கிரைண்டர் மோட்டாரை வைண்டிங் கடைக்கு அனுப்பினோம். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி என்ற ஒன்றை வைத்தார். சாதாரண சுவிட்சான எம்.சி.பி, லோடு அதிகமானாலோ ஒயர் ஒன்றோடொன்று பட்டாலோதான் விழும். ஆளைத் தொட்டு மண்ணுக்குப் போகும் சின்னக் கசிவு அதற்குத் தெரியாது. ஆர்.சி.சி.பி, போன கரண்ட்டும் திரும்பிவந்த கரண்ட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளுக்கு வைப்பது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் ஆயிற்று. அவர் கூலி வாங்க மறுத்தார், கல்யாண மொய்யில் சேர்த்து வைத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து ஸ்பீக்கரை மூணு பின்னிலேயே செருகிப் போட்டோம். இரைச்சல் இல்லை. தேர்வு முடிவும் வந்தது, பேத்தி நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாவாட்ட அவள் வந்தபோது உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். “நீ ரெண்டு தடவ சொன்ன அம்மிணி. நான் காதுல போட்டுக்கல. தப்பு என்னோடது” என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், “பரவால்லீங் டீச்சர். மறுக்கா சொன்னா, வேலைக்குச் சாக்குச் சொல்றான்னு நெனப்பீங்களோன்னு உட்டுட்டனுங்” என்றாள்.

அந்த வார்த்தையை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. வகுப்பில் யாராவது கை தூக்கினால் கேட்காமல் போகாத டீச்சர் என்று நீங்களெல்லாம் என்னைப் பற்றி எழுதுகிறீர்கள். பியானோவில் சின்ன இரைச்சல் வந்ததும் நோட்டுப் போட்டு மூன்று நாள் தேடினேன். ஒரு மனுஷி வாயைத் திறந்து சொன்னதற்கு மூன்று நிமிடம் கூடக் கொடுக்கவில்லை. அவள் கிரைண்டரைத் தொட்டுப் பார்க்கட்டும், எனக்கு வேலை முடியட்டும் என்று விட்டிருக்கிறேன். இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இனி உங்கள் வேலை.

ஒன்று, ஸ்பீக்கரோ டிவியோ பியானோவோ ‘ம்ம்ம்’ என்று இரைந்தால், எர்த் பின்னை வெட்டியோ ரெண்டு பின் அடாப்டர் போட்டோ அதை நிறுத்தாதீர்கள். இரைச்சல் நின்றதும் காரணத்தைத் தேட மாட்டோம்.

இரண்டு, வீட்டில் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் நீங்களும் சேர்ந்து தேடுங்கள். வருடம் ஒரு முறை நல்ல ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நீங்களே ஒயரை வைத்துச் சோதிக்க வேண்டாம். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி இருந்தால், அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், விழ வேண்டும்.

மூன்று, கிரைண்டர், வாஷிங் மெஷின், ஹீட்டர் எதைத் தொட்டாலும் ‘சுர்’ என்கிறது என்று யார் சொன்னாலும், வீட்டு ஆளோ வேலைக்கு வருபவரோ, அந்த நிமிடமே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உங்களுக்குத் தெரிகிறதா என்று தொட்டுப் பார்க்காதீர்கள்.

அவளுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி அடுப்படி வாசலில் வைத்திருக்கிறேன். முதல் வாரம் போடவே மாட்டேன் என்றாள். “நான் போடல? நீயும் போடு” என்றேன். இப்போது போட்டுக்கொள்கிறாள்.

எல்லாரும் கவனமாக இருங்கள். உங்கள் வீட்டு எர்த் குழிக்கு இன்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்